உங்கள் தெருவில் குடும்ப வன்முறையைத் தடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்ததாக அதில் சொன்னார்கள். இந்திய சராசரி 29.3. பெண் கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கும் மாநிலம் இதில் பின்தங்கியிருப்பது வேதனை. இன்னொரு எண் இதைவிடக் கவலை தருவது: நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் சுமார் 14 சதவீதம்தான். மற்றவர்கள் போலீசிடம் மட்டுமல்ல, பெற்றவர்களிடம்கூட உதவி கேட்கவில்லை. அவர்கள் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். அதனால் இந்த வேலையில் பாதி, தெருவில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது.

சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், குடியிருப்போர் சங்கத்தினர், ஊர் இளைஞர் மன்றத்தினர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தொடங்கும் முன்பே குழுவாக உட்கார்ந்து ஒரு விஷயத்தில் ஒத்துப்போங்கள். குடும்பத்தைச் சேர்த்து வைப்பது உங்கள் வேலை இல்லை. பிரித்து வைப்பதும் இல்லை. அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் உயிரோடும் காயமில்லாமலும் இருக்க வேண்டும். அடுத்து என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள எல்லாமே இதற்குக் கட்டுப்பட்டதுதான்.

படி 1: சின்னக் குழு, சரியான ஆட்கள்

ஐந்து முதல் ஏழு பேர் போதும். புதிதாகச் சங்கம் பதிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கின்றன. கடன் தவணைக்காகக் கூடும் அந்தப் பெண்களுக்கு யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

நடுராத்திரி போன் எடுப்பவர் ஒருவர், வண்டி வைத்திருப்பவர் ஒருவர், மனு எழுதத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். நம்பிக்கையான ஆட்டோ ஓட்டுநர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கேட்டதை வெளியே சொல்லும் பழக்கம் உள்ளவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். தன் வீட்டில் கை நீட்டுபவரையும் சேர்க்காதீர்கள். அவர் ஒருவர் இருந்தாலே ஊரில் எந்தப் பெண்ணும் உங்களை நம்பமாட்டார்.

சாதியைப் பற்றி மழுப்பாமல் பேசிவிடுங்கள். குழு முழுக்க ஒரே தெருக்காரர்களாக இருந்தால் காலனியிலிருந்து ஒரு பெண்ணும் படியேறி வரமாட்டார். ஊரில் உள்ள ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவராவது குழுவில் இருக்கட்டும், பேருக்கு இல்லாமல் முடிவெடுக்கும் இடத்தில்.

படி 2: தேவை வருவதற்கு முன்பே போய்ப் பாருங்கள்

ராத்திரி பத்து மணிக்கு ரத்தத்தோடு நிற்கும் பெண்ணை வைத்துக்கொண்டு அலுவலகம் தேடக் கூடாது. முதல் மாதத்திலேயே ஐந்து இடங்களுக்கு நேரில் போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள்.

ஒன்று, உங்கள் பகுதிக்கான அனைத்து மகளிர் காவல் நிலையம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் வந்தது. இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன. இரண்டு, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பெண்ணுக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே நிற்க நியமிக்கப்பட்டவர் இவர். பலருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. மூன்று, சகி என்னும் ஒருங்கிணைந்த சேவை மையம். மருத்துவம், சட்டம், ஆலோசனை, சில நாள் தங்கல் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். பொதுவாக ஐந்து நாள் வரை தங்கலாம். வளர்ந்த ஆண் பிள்ளையை உடன் தங்க வைப்பதில் வரம்பு உண்டு, இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. ஐந்து, நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் இது பொருந்தும்.

அப்புறம் எண்கள்: பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி 112, குழந்தைகளுக்கு 1098, சட்ட உதவிக்கு 15100. இவற்றைத் தையல் கடை, பியூட்டி பார்லர், சுகாதார நிலையத்தின் பெண்கள் கழிப்பறை என, பெண்கள் தனியாக நின்று படிக்கக்கூடிய இடங்களில் ஒட்டுங்கள். டீக்கடைச் சுவரில் ஒட்டினால் யாரும் நின்று படிக்க முடியாது.

படி 3: எதெல்லாம் வன்முறை என்று குழுவுக்குள் தெளிவாகுங்கள்

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26) உடல், பாலியல், வாய்ச்சொல்லும் மனமும், பணம் ஆகிய நான்கு வகை வன்முறையையும் சொல்கிறது. கடைசி வகையை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. மகளிர் உரிமைத் தொகை வந்ததும் ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொள்வது, நகையை அடகு வைத்துக் குடிப்பது, வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் பட்டினி போடுவது எல்லாமே இதில் வரும்.

மனைவிக்கு மட்டுமான சட்டமும் இல்லை இது. மகன் அடிக்கும் தாய், அண்ணன் வீட்டை விட்டுத் துரத்தும் தங்கை, திருமணப் பதிவு இல்லாமல் சேர்ந்து வாழும் பெண் என எல்லோரும் கேட்கலாம். மாமியார், நாத்தனார் மீதும் மனு போடலாம்.

படி 4: கேட்பது

இதில்தான் நல்ல மனதுள்ளவர்களும் தடுமாறுகிறார்கள். ஒரு பெண் முதல் தடவை வாய் திறக்கும்போது நாம் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் இரண்டாம் தடவை வருவாரா என்பது முடிவாகும்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா." "நீ என்ன பேசின, அவர் கை நீட்ட?" "பொம்பளப் பிள்ளைய வச்சிருக்க, யோசிச்சுக்க." "அடிக்கிற கைதான் அணைக்கும்." இந்த நான்கையும் குழு தன் நாக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும். எதிர்ப்பக்கமும் இதே அளவு ஆபத்துதான்: "இன்னைக்கே அவனை விட்டுட்டு வா." நீங்கள் சொல்லி வந்தவர், நீங்கள் இல்லாத நாளில் திரும்பிப் போவார், அதன் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கவே கூசுவார்.

என்ன சொல்லலாம்? "நீ சொல்றத நான் நம்புறேன்." "அவர் அடிச்சதுக்கு நீ காரணம் இல்ல." "இப்ப வீட்டுக்குப் போனா பயமா இருக்கா?" "நான் என்ன செஞ்சா உனக்கு உதவியா இருக்கும்?" இவ்வளவு போதும். வயதில் மூத்தவர் என்றால் அக்கா, அம்மா என்று கூப்பிட்டே கேளுங்கள். அமைதி வந்தால் அமைதியாகவே இருங்கள். அழுகையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

தனியாகப் பேச இடம் வேண்டும். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது இந்தப் பேச்சே கூடாது. குழாயடி, கோயில், நூறு நாள் வேலை நடக்கும் இடம் எல்லாம் சரிதான். போனில் பேசும் முன் "பேசலாமா?" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் எதையும் எழுதி அனுப்பாதீர்கள். அந்தப் போனை வேறொருவர் பார்க்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: உயிருக்கு ஆபத்து எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா அடியும் தவறுதான். ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் நாளைக்கு என்று தள்ளக் கூடாது. முதலாவது, கழுத்தை நெரித்திருந்தால். வெளியே காயம் தெரியாமல் போகலாம். குரல் கம்மியிருக்கும், விழுங்க வலிக்கும், கண்ணில் சிவப்புப் புள்ளிகள் வரும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் சில மணி நேரம் கழித்தும் நிலைமை மோசமாகலாம். ஒரு தடவை கழுத்தில் கை வைத்தவரால் பின்னால் கொலை நடக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

மண்ணெண்ணெய், பெட்ரோல், அரிவாள் என்று கையில் எடுத்து மிரட்டுவது, கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, "உன்னைக் கொன்னுட்டு நானும் சாவேன்" என்பது, போகும் இடமெல்லாம் பின்தொடர்வது, அடி வாரத்துக்கு வாரம் கூடுவது ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். பெண் தற்கொலையைப் பற்றிப் பேசினால் அதையும் லேசாக எடுக்காதீர்கள். மனநல உதவிக்கு 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண் வீட்டை விட்டுக் கிளம்பும் நாளும் அதற்கடுத்த சில வாரங்களும்தான் மிக ஆபத்தானவை. வெளியே வந்துவிட்டார், பிரச்சினை தீர்ந்தது என்று குழு கலைந்து போகக் கூடாத நேரம் அது.

படி 6: பாதுகாப்புத் திட்டம்

உடனே கிளம்பப் போகாத பெண்ணுக்கும் இது வேண்டும். அவரோடு உட்கார்ந்து பேசிச் செய்யுங்கள், நீங்களாகப் போட்டுக் கையில் கொடுக்காதீர்கள்.

சண்டை தொடங்கினால் எந்த அறைக்குப் போவது? சமையலறை வேண்டாம், கத்தியும் அடுப்பும் அங்கே இருக்கின்றன. வெளிவாசல் உள்ள அறையே நல்லது. எந்த வீட்டுக்கு ஓடுவது? அந்த வீட்டார் சம்மதித்திருக்கிறார்களா? பிள்ளைகளுக்கு ஒரு வேலை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்வது. நடுவில் புகுந்து தடுப்பது அவர்கள் வேலை இல்லை. குழுவுக்கு ஒரு ரகசியச் சொல் இருக்கட்டும். "அக்கா, இட்லி மாவு இருக்கா?" என்று ராத்திரி ஒன்பதரைக்குப் போன் வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றுகள், திருமணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, வீட்டுப் பத்திர நகல், தினமும் சாப்பிடும் மாத்திரை, கொஞ்சம் பணம், ஒரு மாற்றுடை எல்லாம் ஒரு பையில். பையை வீட்டில் வைப்பது ஆபத்து என்றால் குழுவில் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். நகலாவது இருக்கட்டும். சீர் நகையின் போட்டோ, கல்யாண ஆல்பம் இருந்தால் நகையைத் திரும்பக் கேட்க உதவும்.

படி 7: இப்போது சத்தம் கேட்கிறது, என்ன செய்வது?

2008இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு நடத்திய "பெல் பஜாவோ" இயக்கம் சொன்ன வழி எளிமையானது: கதவு மணியை அடி, ஏதாவது ஒன்றைக் கேள். நம் தெருவிலும் இது நடக்கும். "அண்ணே, உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" "தண்ணி மோட்டார் போட்டாச்சா?" அந்த அரை நிமிட இடைவெளி பல நேரம் போதும். வெளியே ஆள் இருக்கிறது என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

தனியாகப் போகாதீர்கள். ஆயுதம் இருப்பதாகத் தெரிந்தால் கதவுப் பக்கமே போகாமல் 112ஐ அழையுங்கள். "ஏன்யா அடிக்கிற, உன் பொண்டாட்டி எல்லாத்தையும் சொல்லிட்டா" என்ற வார்த்தை மட்டும் வரவே கூடாது. நீங்கள் திரும்பிய பிறகு அதற்கான அடி அவருக்குத்தான் விழும்.

தலையிட்டால் நம் மேல் கேஸ் வருமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வன்முறை நடக்கிறது என்று நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்பவர் மீது சிவில், கிரிமினல் பொறுப்பு எதுவும் வராது என்கிறது. இதை அச்சடித்துக் குழுவில் எல்லோருக்கும் கொடுங்கள்.

படி 8: சட்டத்தின் வழியில் கூடவே நடப்பது

காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகும். யார் அடித்தது, எதனால் அடித்தது என்று அவர் சொல்ல முடிந்தால் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறும். அந்த ஏ.ஆர். காப்பி பிற்பாடு பெரிய சான்று. காயத்தைத் தேதியோடு போட்டோ எடுத்து, அந்தப் பெண்ணின் போனில் இல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.

இங்கிருந்து இரண்டு வழிகள். இரண்டையும் சேர்த்தும் போகலாம்.

கிரிமினல் வழி: கணவரோ அவர் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான சட்டப் பிரிவு இது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ என்று சொன்னது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை தண்டனை. நிலையத்தில் புகாரை வாங்கினால், வாங்கியதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள். புகார் கொடுத்ததும் கணவரைக் கைது செய்துவிடுவார்கள் என்று யாருக்கும் நம்பிக்கை கொடுக்காதீர்கள். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே, புகார் கொடுத்த ராத்திரி அந்தப் பெண் எங்கே தூங்குவார் என்பதை நிலையத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்யுங்கள்.

குடும்ப வன்முறைச் சட்ட வழி: பாதுகாப்பு அலுவலர் நடந்ததைக் கேட்டு அறிக்கை எழுதுவார், அலுவலகத்தில் டி.ஐ.ஆர். என்பார்கள். அது நீதித்துறை நடுவரிடம் போகும். அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் இருக்கும் உரிமை, தேவைப்பட்டால் கணவரை வெளியேறச் சொல்லும் உத்தரவு, மாதச் செலவுப் பணம், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு, நஷ்ட ஈடு எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே வாழ்ந்த மருமகள் வசிப்புரிமை கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் மனு போடலாம் என்பதால், பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண் மாமியார் ஊருக்கு அலைய வேண்டாம்.

முதல் வாய்தா மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்பது சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் இழுக்கிறது. அதனால் 23ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.

படி 9: பஞ்சாயத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் "இனிமே அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பிவைப்பது நமக்குப் பழகிய தீர்வு. சில காவல் நிலையங்களிலும் இதுதான் நடக்கிறது. என் கருத்தில் இந்த வேலைக்கு நேர்கிற பெரிய கேடு இதுதான். அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து இருவரும் சமம் என்பதுபோலப் பேசினால், பயத்தில் இருப்பவர் வாயே திறக்கமாட்டார். கூட்டம் முடிந்து அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறார்.

அவராகவே கணவரோடு பேசி வாழ விரும்பினால் அது அவர் உரிமை. அப்போது முதலில் பாதுகாப்பு உத்தரவு, பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர். குழு நடுவராக உட்காரக் கூடாது. ராசியாகிவிட்டது என்று வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

படி 10: ஆண்களோடு பேசுங்கள்

அடி விழுந்த பிறகு ஓடுவது மட்டும் தடுப்பு ஆகாது. உகாண்டாவின் கம்பாலாவில் ரெய்சிங் வாய்சஸ் அமைப்பு உருவாக்கிய முறையில், அக்கம்பக்கத்துச் சாதாரண ஆட்களே பயிற்சி எடுத்துக்கொண்டு சந்தையிலும் கடையிலும், வீட்டில் அதிகாரம் யார் கையில், அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று வருடக்கணக்கில் பேசினார்கள். 2014இல் வெளியான ஆய்வில், அந்தப் பகுதிகளில் கணவரின் உடல் வன்முறை மற்ற பகுதிகளைவிட ஏறத்தாழ பாதி அளவில் இருந்தது. வன்முறையைச் சரியென்று சொல்பவர்களும் நன்றாகக் குறைந்திருந்தார்கள்.

இங்கே முடிவெட்டும் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, கபடி ஆடும் மைதானம் போன்ற இடங்களில் இந்தப் பேச்சைத் தொடங்கலாம். மைக் வேண்டாம். ஊரில் மதிப்புள்ள ஆண் ஒருவர், "அடிச்சது தப்புப்பா" என்று நண்பனிடம் நேரில் சொல்வது கூட்டம் போட்டுப் பேசுவதைவிட உறைக்கும். கல்யாணம் ஆகப்போகும் பையன்களிடம் பேசுவதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. டாஸ்மாக் கடையை மூடச் சொல்லும் போராட்டம் நியாயமானது. குடித்த ராத்திரிகளில் அடி கடுமையாகிறது என்பதும் உண்மை. ஆனால் குடிக்காமல் அடிப்பவர்கள் ஏராளம். குடித்தவரும் கடைக்காரரை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துதான் அடிக்கிறார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் குடிமீட்புச் சிகிச்சைக்கு அனுப்புங்கள், நல்லது. அவர் சிகிச்சையில் இருக்கிறார் என்பதற்காகப் பெண்ணின் பாதுகாப்புத் திட்டத்தைக் கைவிடாதீர்கள்.

படி 11: ஊர் முன்னால் வையுங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 181 பலகை, இருட்டான தெருவுக்கு விளக்கு, பாதுகாப்பு அலுவலரை ஊருக்கு அழைப்பது ஆகியவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எந்தத் தனிப் பெண்ணின் கதையையும் பெயர் சொல்லாமல்கூட அங்கே எடுக்க வேண்டாம். சின்ன ஊரில் யார் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 12: அடுத்த ஒரு வருடம்

வாய்தாவுக்குக் கூடவே போக ஒருவர். புது வங்கிக் கணக்கு, புது ஏடிஎம் பின், கணக்கோடு இணைந்த போன் எண்ணை மாற்றுதல். பிள்ளைகளின் பள்ளியில், யார் வந்தால் அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்தல். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அரசின் தோழி விடுதி, தகுதி இருந்தால் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம். வாழாவெட்டி என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள்.

திரும்பிப் போகிறவர்களும் உண்டு. பணம், பிள்ளை, பயம், பாசம் என்று காரணங்கள் இருக்கும். கோபப்படாமல், பாதுகாப்புத் திட்டத்தைப் புதுப்பித்து, ரகசியச் சொல்லை மாற்றிக்கொடுங்கள்.

பாதுகாப்பு உத்தரவு கிடைத்திருந்தால் சான்றிட்ட நகல்கள் எடுத்து ஒன்றைப் பெண்ணின் கைப்பையிலும் ஒன்றைக் குழுவிடமும் ஒன்றைக் காவல் நிலையத்திலும் வையுங்கள். அதை மீறி கணவர் வாசலில் வந்து நின்றால் அதுவே தனிக் குற்றம்: குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. 112ஐ அழைக்கும்போது "கோர்ட்டு உத்தரவு இருக்கு, அதை மீறி வந்திருக்கார்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, உத்தரவின் தேதியையும் நீதிமன்றத்தின் பெயரையும் படித்துக்காட்டுங்கள்.